மைதான வாசல் பூட்டிக் கிடக்கையில் ரசிகர் இதழ் நடத்துவது எப்படி

லீக் நின்றால் உதைபந்து இதழும் ஏன் நின்றுபோகிறது? எழுத ஒன்றுமில்லை என்பது சும்மா சாட்டு. அறுந்துபோவது மைதான வாசல். கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வெபர் மைதானமோ கல்முனைப் பக்கத்துக் கடற்கரை மைதானமோ, இதழ் விலைப்படுவது அங்கே. யார் எந்தக் கழகத்துக்கு மாறுகிறான், எந்த மத்தியஸ்தர் மீது முறைப்பாடு போயிருக்கிறது என்பதெல்லாம் காதில் விழுவதும் அங்கே. அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு முன் அச்சில் ஏறவேண்டும் என்ற நெருக்குவாரமும் அங்கிருந்துதான் வருகிறது. போட்டி நின்ற அன்றே விற்பனை, செய்தி, கெடு மூன்றும் சேர்ந்து போய்விடும். மூன்றையும் கையால் திரும்பக் கட்டவேண்டும்.

கீழே வரும் கணக்கெல்லாம் ஏ5 அளவில், வழமையாக 16 பக்கம், 150 பிரதி அடிக்கும் இதழுக்கானவை. மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சொல்லைப் போடுவது

முதல் இதழிலேயே பிழைக்கும் இடம் இது. ஒத்திவைப்பு என்றால் அந்த ஆட்டம் இன்னொரு நாள் நடக்கும். இடைநிறுத்தம் என்றால் அட்டவணை உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் நாள் குறிக்கப்படவில்லை. கைவிடப்பட்டது என்றால் புள்ளிப் பட்டியலை என்ன செய்வது என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். தடை என்பது முற்றிலும் வேறு சாமான். 2023 ஜனவரி 21 ஆம் திகதி உலக உதைபந்தாட்ட அமைப்பான பிஃபா, இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தடை போட்டது, வெளித்தலையீடு என்ற காரணத்துக்காக. ஓகஸ்ட் கடைசியில்தான் அது விலக்கப்பட்டது. அந்தத் தடை தேசிய அணியும் கழகங்களும் சர்வதேசப் போட்டிகளில் ஆடுவதையும், பிஃபா, ஆசிய சம்மேளனத் திட்டங்களில் பயன்பெறுவதையும் நிறுத்தியது. ஊர்க் கிண்ணத்துக்கு ஆடுவதை பிஃபா தடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தை வாசகருக்கு நான்கு வரியில் சொன்னாலே ஒரு பக்கம் பெறுமதியாகிவிடும். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குத் தரும் அதிகாரத்துக்கும், அரசு கைவைக்கக்கூடாது என்ற பிஃபாவின் விதிக்கும் இடையே இழுபறி ஏன் வருகிறது என்பது இன்னொரு பக்கம்.

இரண்டாம் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு பெட்டி போடுங்கள்: ‘இன்றைய நிலை’. யார் தீர்மானித்தது, எந்தத் திகதி, உங்களுக்குத் தெரிய வந்தது கடிதத்திலா, வாட்ஸ்அப்பிலா, வாய்மொழியாகவா, இன்னும் எது முடிவாகவில்லை. ஐந்தாறு வரி போதும். வாய்மொழி என்றால் வாய்மொழி என்றே எழுதுங்கள். ‘அடுத்த மாதம் தொடங்குமாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது பிழைத்தால் பழி லீக்கை நடத்தும் சங்கத்துக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும்.

திகதியைப் பிடியுங்கள், பக்கத்தை விடுங்கள்

‘மறுகா போடுவம்’ என்ற இதழ் பிறகு வருவதேயில்லை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்றால் அதே சனிக்கிழமை வரவேண்டும், நான்கு பக்கமாக வந்தாலும் சரி. ஆட்ட நாள் தந்த கெடு இப்போது இல்லாதபடியால் அதைப் பின்னிருந்து எண்ணி எழுதி ஒட்டுங்கள். வெளிவருவதற்கு 10 நாள் முன்னர் எழுத்துகள் முடிய வேண்டும், 6 நாள் முன்னர் பக்கம் கட்டி முடிய வேண்டும், 4 நாள் முன்னர் ஒரு மாதிரிப் பிரதி, 2 நாள் முன்னர் அச்சு. கடைசி நாள் மடிப்பதற்கும் தைப்பதற்கும்.

மடித்துத் தைக்கும் இதழில் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு ஏ4 தாள் நான்கு ஏ5 பக்கம் தரும். 16 பக்கத்துக்கு 4 தாள், 150 பிரதிக்கு 600 தாள். கெட்டுப்போவதற்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் 630. அதாவது 500 தாள் கட்டு ஒன்று போதாது, இரண்டாவதைப் பிரிக்கவேண்டும். 12 பக்கத்துக்கு 3 தாள். 150 பிரதிக்கு 450, கெட்டுப்போவதையும் சேர்த்து 473. ஒரே கட்டுக்குள் அடங்கிவிடும். ஆட்டமில்லாத காலத்துக்கு 12 பக்கம் சரியான அளவு என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். கை மிகவும் இறுகினால் 8. அதற்கும் கீழே போனால் ஒரே தாளை மடித்து 4 பக்கம், தையலே வேண்டாம்.

ஒரு கட்டு எப்போதும் உடைக்காமல் கையிருப்பில் இருக்கட்டும். வைக்கோலில் கடதாசி செய்த ஆலை வாழைச்சேனையில் இருந்த மாவட்டத்துக்கு இந்தப் புத்தி சொல்வது வேடிக்கைதான். ஆனால் 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் நாட்டின் பெரிய பத்திரிகைகள் சிலவே சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிக்காமல் விட்டன.

பக்கத்தை எதால் நிரப்புவது

முதலில் உறைந்துபோன புள்ளிப் பட்டியல். ஆடியது, வென்றது, சமன், தோற்றது, அடித்தது, வாங்கியது, புள்ளி, இன்னும் ஆடவேண்டிய ஆட்டம். எல்லாக் கழகங்களும் அடித்த கோல்களின் மொத்தமும் வாங்கிய கோல்களின் மொத்தமும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு முடிவு பிழையாக ஏறியிருக்கிறது. வென்ற ஆட்டங்களின் கூட்டுத்தொகையும் தோற்ற ஆட்டங்களின் கூட்டுத்தொகையும் அப்படியே. லீக் நடக்கும்போது யாரும் சரிபார்க்காத பிழைகள் இப்போது பிடிபடும்.

அடுத்தது பழைய வரலாறு. இங்கே விஷயம் குவிந்து கிடக்கிறது, ஆனால் ஆதாரம் குறைவு. 1978 நவம்பர் 23 சூறாவளி, யுத்த கால இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி என்று மூன்று தடவை கரையோர வீடுகளின் அலுமாரி வெறுமையாகியிருக்கிறது. நாவலடியிலோ மருதமுனையிலோ ஒரு கழகத்தின் கூட்டக் குறிப்பேடு இல்லை என்றால் அது கவலையீனமாக இருக்க வேண்டியதில்லை. அதனால் தேடலை வேறு பக்கமாகத் தொடங்குங்கள்: கிண்ணம், ஷீல்ட், பாடசாலை நினைவு மலர், கலியாண அல்பத்துக்குள் செருகிக் கிடக்கும் அணிப் படம், வெளிநாடு போனவர்கள் கையோடு கொண்டுபோன பிரதிகள்.

பழைய ஷீல்டின் பித்தளைத் தகட்டில் எழுத்துத் தேய்ந்திருக்கும். பொலிஷ் போடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைச் சரித்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். எழுத்து வெள்ளையாகத் துலங்கும். ஆழம் போதாவிட்டால் அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைத் தகட்டுக்குக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடித்துப் படம் எடுங்கள். வெளிச்சம் ஒரு தடவை தகட்டின் இடது ஓரத்திலிருந்து, ஒரு தடவை மேல் ஓரத்திலிருந்து. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஆண்டு பெரும்பாலும் பிடிபடும்.

அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்கக்கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். ஜன்னலோர நிழல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் 600 டி.பி.ஐ. படத்தின் பின்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள், பேனையால் எழுதிய பெயரும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வாங்கினால் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சில் முகம் சதுரம் சதுரமாக உடையும்.

பழைய வீரரிடம் ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பார், அதோடு முடிந்தது. படத்தைக் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர் கேளுங்கள். சப்பாத்து எங்கே வாங்கினது, அக்கரைப்பற்று ஆட்டத்துக்கு எதில் போனது, பந்து யாருடையது என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லாதபோது ‘சூறாவளிக்கு முந்தியா பிந்தியா, சுனாமிக்கு முந்தியா பிந்தியா’ என்று இறுக்கிக்கொண்டு வரலாம். பின்னணியும் உதவும். கல்லடியில் புதுப் பாலம் திறந்தது 2013 இல். அந்த இடம் தெரியும் படத்தில் பழைய இரும்புப் பாலம் மட்டும் நின்றால் படம் அதற்கு முந்தியது. கோல் எண்ணிக்கைக்கு இரண்டு பேரின் சாட்சி வேண்டும், ஒருவர் எதிரணியில் ஆடியவராக இருந்தால் இன்னும் நல்லது. ஒத்துவராவிட்டால் இரண்டையும் போடுங்கள். அடுத்த இதழுக்கு மூன்றாவது ஆள் தானாகவே வருவார்.

ஒவ்வொரு இதழிலும் ஒரு மைதானத்தை அளந்து போடுவது செலவில்லாத பத்தி. 50 மீற்றர் டேப் ஒன்று, இரண்டு பொடியன்கள். கோல் கம்பங்களுக்கு இடையில் 7.32 மீற்றர், குறுக்குக் கம்பத்தின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து 2.44 மீற்றர், பெனால்டிப் புள்ளி 11 மீற்றர், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீற்றர். உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் என மூன்று இடத்தில் அளக்கவேண்டும். நம் கரையோர மணல் மைதானங்களில் கோல்காப்பாளர் நிற்கும் இடம் பள்ளமாகி, நடுவில் உயரம் கூடியிருக்கும். கம்பத்தடியில் மணல் குவிந்து, ஓரத்தில் குறைந்திருக்கும். நடுவில் வந்த அளவு 2.60 என்றால் அதைத் திகதியோடு எழுதுங்கள், திட்டவேண்டிய அவசியமே இல்லை.

மைதானத் திருத்தம், விளக்கு, பார்வையாளர் மேடை போன்றவற்றுக்கு ஒதுக்கிய பணத்தைப் பற்றிக் கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநகர சபை, பிரதேச சபை, மாவட்டச் செயலகம் ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். ‘மைதானத்துக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் கதைதான் வரும். ‘இந்த மைதானத்துக்கு 2023, 2024 ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, ஒப்பந்தக்காரர் பெயர்’ என்று கேட்டால் இலக்கம் வரும். பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சங்கத்துக்குள் சண்டை நடக்கும் காலத்தில் இரு தரப்பும் உங்களுக்குக் கதை கொண்டுவரும். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது, ஆனால் சிவில் வழக்குப் போடலாம். ஒருவரைப் பற்றிக் குற்றமாக ஏதும் எழுதுமுன் அவருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி மூன்று நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் கேட்ட திகதியோடு ‘பதில் கிடைக்கவில்லை’ என்று போடுங்கள்.

எழுத்துரு செய்யும் அநியாயம்

எழுதுபவர்கள் போனில் யுனிகோடில் அனுப்புவார்கள், பக்கம் கட்டும் கடையில் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி எழுத்துருவும் இருக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றும்போது கட்டுரைக்குள் இருக்கும் ஆங்கிலச் சுருக்கங்கள், கழகப் பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும், ஏனென்றால் பாமினி ஆங்கில விசைகளின் மேல்தான் குந்தியிருக்கிறது. அதே காரணத்தால் காற்புள்ளி போடவேண்டிய இடத்தில் ‘இ’ வந்து நிற்கும். ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே தமிழில் எழுதச் சொல்லுங்கள், மாற்றிய பின் காற்புள்ளியையும் ‘ஸ்ரீ’, ‘ஔ’ போன்றவற்றையும் கண்ணால் தேடிப் பாருங்கள்.

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் யுனிகோடை அப்படியே ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கொம்போசரைத் தெரிவு செய்தால் சரியாகும். எதில் செய்தாலும் கடைக்குக் கொண்டுபோவது எழுத்துரு உள்ளடக்கிய பி.டி.எஃப் ஆக இருக்கட்டும்.

மடிப்பு, அச்சு, மாரி மழை

12 பக்கத்தில் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க இலக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 13. முதல் தாளின் வெளிமுகம் 12–1, உள்முகம் 2–11. இரண்டாம் தாள் 10–3, பின்னால் 4–9. மூன்றாம் தாள் 8–5, பின்னால் 6–7. 16 பக்கம் என்றால் கூட்டுத்தொகை 17, 8 பக்கம் என்றால் 9. மூன்று வெற்றுத் தாளை மடித்து, பேனையால் இலக்கம் போட்டு, அந்தப் பொம்மைப் புத்தகத்தைக் கடைக்காரர் முன் வையுங்கள், வாயால் விளங்கப்படுத்த மினக்கெட வேண்டாம். இரண்டு பக்க அச்சில் ‘குறுகிய ஓரத்தில் புரட்டு’ என்று தெரிவு செய்யவேண்டும். மற்றதைத் தெரிவு செய்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். இந்த ஒரு பிழையில் போகும் தாள்தான் அதிகம்.

மாதிரிப் பிரதியை அச்சடிக்கப்போகும் அதே மெஷினில் எடுங்கள். போட்டோக் கொப்பி மெஷின், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாயலைக் கறுப்பாக்கிவிடும், வெயிலில் எடுத்த அணிப் படத்தில் கண்ணும் மூக்கும் தெரியாது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, திரையில் ‘கொஞ்சம் வெளிறிவிட்டதே’ என்று தோன்றும்வரை நடுச்சாயலை உயர்த்துங்கள். தாள் 80 ஜி.எஸ்.எம். 70 என்றால் மறுபக்கத்துப் படம் இந்தப் பக்கத்தில் தெரியும். மடிப்புக் கோட்டின் மேல் முழுக் கறுப்பு வரக்கூடாது, டோனர் வெடித்து உதிரும்.

ரியூசன் வினாத்தாள் அடிக்கும் கடைகளில், ஸ்டென்சில் வழியே மை இறக்கி அடிக்கும் றிசோ மெஷின் இருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மாஸ்டர் (அந்த ஸ்டென்சில்) வெட்டவேண்டும், 12 பக்கத்துக்கு ஆறு. அதன் செலவு 150 பிரதியில் பரவிவிடுவதால் போட்டோக் கொப்பியை விட மலிவு. 40, 50 பிரதி என்றால் கட்டாது. றிசோ மை தாளில் ஊறித்தான் காயும். ஒரு முகம் அடித்து உடனே மறு முகம் போட்டால் உருளைத் தடம் கோடாக விழும். சில மணி நேரம் விடுங்கள், முழுக் கறுப்புக் கட்டங்களைத் தவிருங்கள். தவணைப் பரீட்சைக் கிழமைகளில் இந்தக் கடைகளுக்குப் போய்ப் பயனில்லை.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. ஈரம் குடித்த தாள் மெஷினுக்குள் சூடுபட்டதும் சுருண்டு சிக்கும். தாள் கட்டைக் கடையில் வைத்தே பிரியுங்கள், மிஞ்சியதைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டுங்கள்.

நீளக் கை ஸ்டேப்ளர் இல்லாவிட்டால் ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) துண்டு ஒன்று போதும். இதழை விரித்து, அட்டை மேலே பார்க்க அதன்மேல் வைத்து, சாதாரண ஸ்டேப்ளரைத் திறந்து மடிப்புக் கோட்டில் குத்துங்கள். மேலிருந்து 5 சென்ரிமீற்றரில் ஒன்று, கீழிருந்து 5 சென்ரிமீற்றரில் ஒன்று. கிளப்பி எடுத்து உள்ளே நீட்டிய கம்பியைக் கரண்டிக் காம்பால் மடக்குங்கள். கடற்காற்றில் அந்தக் கம்பி துருவேறிக் கடதாசியில் கறை பிடிக்கும், ஆகவே சேமிப்புக்கு வைக்கும் மூன்று பிரதியை நூலால் தையுங்கள்.

சல்லி

சந்தாவை ஆண்டுக் கணக்கில் வாங்காதீர்கள், ‘ஆறு இதழ்’ என்று வாங்குங்கள். ஆண்டுச் சந்தா வாங்கியவர் ஆட்டம் நின்று இதழ் தவறிய மாதங்களுக்கும் கடனாளி. ஆறு இதழ் என்றால் எப்போது வந்தாலும் ஆறுதான்.

போட்டோக் கொப்பிக் கடையில் ஒரு ஏ4 முகத்துக்கு 10 ரூபா என்று வைத்தால் 16 பக்க இதழின் அச்சுச் செலவு 80 ரூபா, 12 பக்கம் 60. உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடைக்கே பின் அட்டையின் உட்பக்கத்தைக் கொடுத்து அச்சுக் கூலியில் கழித்துக்கொள்வது காசு விளம்பரம் தேடுவதை விடச் சுலபம். விளையாட்டுச் சாமான் கடைக்காரருக்கு இப்போது வியாபாரமே இருக்காது. அவரிடம் பாக்கி கேட்டு நிற்காமல், கொடுத்த காசுக்கு மிச்சமுள்ள விளம்பரத்தை ஆட்டம் தொடங்கிய பிறகு போடுவதாக எழுத்தில் கொடுங்கள். போன் திருத்தும் கடை, சலூன், சைக்கிள் கடை, ரியூசன் இவர்களுக்கு லீக் நின்றது தாக்காது, அங்கே கேளுங்கள்.

சங்கத் தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர் வாழ்த்து விளம்பரம் தேடி வரும். வேண்டாம். ஒரு கழகத் தலைவர் ‘ஐம்பது பிரதி நான் வாங்குறன்’ என்பதும் அதே வகைதான். ஒருவருக்குப் பத்துக்கு மேல் விற்காதீர்கள்.

வாசலுக்குப் பதில்

150 இல் பத்து இடத்துக்கு எட்டு எட்டாக 80, சந்தாவுக்கு 40, கழகங்களுக்கு 20, கையில் 10. இடத்தைத் தெரிவு செய்யும்போது ஆட்கள் உட்கார்ந்து காத்திருக்கும் இடமாகப் பாருங்கள். சலூன்தான் முதலிடம். அங்கே ஒரு பிரதியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அது விற்பனைக்கல்ல. தொங்குவதைப் பாதி வாசித்தவர்தான் மேசையில் இருப்பதை வாங்குவார். ஒவ்வொரு இடத்துக்கும் சிறு கொப்பி ஒன்று: வைத்த திகதி, வைத்த எண்ணிக்கை, எடுத்த எண்ணிக்கை, காசு. இரண்டு கிழமைக்கு ஒருக்கா நேரில் போங்கள். காசு வாங்கப் போகும்போதுதான் செய்தியும் காதில் விழும்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது பக்கம் வெள்ளிக்கிழமை பகலில் கடைக்குப் போய்ப் பயனில்லை. நோன்பு மாதத்தில் பின்னேரம் ஆள் கிடைக்காது, தறாவீஹ் தொழுகை முடிந்த பின் தேநீர்க் கடையில் கிடைப்பார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் கூடும் சனத்துக்கு நடுவில் ஒரு மேசை போட்டால் பழைய இதழ்களும் போகும். பொத்துவில் பக்கம் அனுப்புவதென்றால் பொத்துவில் போகும் பஸ்ஸில், கொண்டக்டரிடம். இரண்டு பொலித்தீன் உறை, மேலே இறங்குமிடமும் வாங்குபவர் தொலைபேசியும் பெரிதாக.

பி.டி.எஃப் பிரதியை அச்சு வந்து 10 நாளுக்குப் பிறகு வெளிநாட்டுச் சந்தாக்காரருக்கு அனுப்புங்கள். அச்சுக்கு மாற்றி அடுக்கிய கோப்பை அனுப்பிவிட்டு 12 ஆம் பக்கத்தில் வாசகர் முழிப்பது அடிக்கடி நடக்கிறது. போனில் வாசிக்க 1, 2, 3 என்ற ஒழுங்கில் தனிக் கோப்பு வேண்டும்.

ஆட்டம் திரும்பும் அறிவித்தல் வந்தால்

மாத இதழுக்குக் காத்திருக்காமல் மூன்று நாளுக்குள் ஒரு தாள், நான்கு பக்கம் அடியுங்கள். உறைந்த பட்டியல், மிச்ச ஆட்டங்கள், இந்த இடைவெளியில் கட்டாருக்கோ சவுதிக்கோ போய்விட்ட வீரர்கள், மாறிய கோல்காப்பாளர்கள். நின்ற காலத்துக்கு முந்திய மஞ்சள், சிவப்பு அட்டைகள் செல்லுமா என்று சங்கத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அப்படியே போடுங்கள். முதல் ஆட்டத்தில் வாசலில் வந்து கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தாளை அன்றைக்கு வாசலில் 70 பிரதியோடு நின்று கொடுங்கள். மிச்சம் 80 உம் வழமைபோல சலூனுக்கும் கடைக்கும் போகட்டும், அந்த இடங்களின் கணக்குக் கொப்பிகளை மூடிவிடாதீர்கள்.